ஆற்றுவாயை வெட்டுவதா, பொறுப்பதா

மாவட்டச் செயலகமான கச்சேரியின் மண்டபத்தில் எங்கள் கழகத்தின் செயலாளர் ஒலிவாங்கியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. வெளியே விடாத மழை. ஒரு பக்கம் வாவியின் மேற்குக் கரை விவசாயிகள், மறுபக்கம் ஆரையம்பதிப் பக்கத்து மீனவர்கள், நடுவில் அதிகாரிகள். வாவி கடலோடு சேரும் இடத்தில் மணல் மூடிக் கிடந்த ஆற்றுவாயை அன்றைக்கே வெட்டுவதா, பொறுப்பதா என்பதுதான் கேள்வி. வெட்டினால் வாவி நீர் கடலுக்கு ஓடி வயல்களில் தேங்கிய வெள்ளம் வடியும். வளராத இறால்களும் அந்த நீரோடு போய்விடும்.

செயலாளர் கணித விரிவுரையாளர், நான் விலங்கியல். ஒரு வருடம் வாவியில் மீன்கள் செத்து மிதந்தபோது ஒவ்வொரு துறையும் தனித்தனியாக அறிக்கை எழுதியது. ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கவில்லை. அவர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டு என் ஆய்வுகூடத்துக்கு வந்தார். "எல்லாரும் அவரவர்ர துண்டத்தான் பாத்திருக்கிறீங்க. வாவி என்ன துண்டு துண்டாவா கிடக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் கழகம் பிறந்தது. நீர், வயல், மீன், சந்தை, மனிதர் எல்லாவற்றையும் ஒன்றையொன்று இழுக்கும் ஒரே தொகுதியாகப் பார்ப்பதற்கென்று வெளிநாடுகளில் பெரிய கழகங்கள் இருந்தன. எங்களுடையது ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி அடங்கிவிட்டது. மேசை, நகரத்துப் பறங்கிக் குடும்பமொன்றைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளருடையது. காத்தான்குடியிலிருந்து பொருளியல் விரிவுரையாளர் ஒருவரும் வருவார்.

சனிக்கிழமைகளில் கூடிச் சண்டை பிடித்தோம். 'இழப்பு' என்ற ஒரு சொல்லுக்கே எங்களுக்குள் பொருள் ஒத்துவரவில்லை. பொறியியலாளருக்கு அது நீர்மட்டம், பொருளியலாளருக்கு வருமானம், எனக்கு இறால். செயலாளர் ஒரு இடத்தில் இருக்கமாட்டார். நடந்துகொண்டே கேட்பார், பலகையில் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைவார், அழிப்பார், திரும்ப வரைவார். முடிவு வந்துவிட்டதாக நாங்கள் நினைக்கும் நேரம் பார்த்து ஒரு புதிய அம்புக்குறி போட்டு எல்லாவற்றையும் கலைத்துவிடுவார். வீட்டுக்குப் போனாலும் மனம் அடங்காது.

அந்த மாரியில்தான் கச்சேரி எங்கள் கழகத்திடம் முதன்முதலாகக் கருத்துக் கேட்டது. கூட்டத்துக்குப் போகும் வழியில் செயலாளருக்கு அவருடைய தம்பியின் தொலைபேசி அழைப்பு வந்தது. தம்பி கொக்கட்டிச்சோலைப் பக்கம் வேளாண்மை செய்பவர். பக்கத்தில் இருந்த எனக்கும் அவர் குரல் கேட்டது.

"அக்கா, வயல் வட்டை முழுக்கத் தண்ணி. இண்டைக்கு வெட்டாட்டி வெள்ளாம அழிஞ்சி போயிரும். நீங்க ஒரு வார்த்த சொன்னாக் காணும்."

"அது நான் தனியச் சொல்ற விஷயமில்லடா தம்பி."

தம்பி தொடர்பைத் துண்டித்துவிட்டார். செயலாளர் வாகனக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

கடல் அன்று கொந்தளித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையில் ஆற்றுவாயை வெட்டினால் உப்புநீர் உள்ளே ஏறி மேட்டு வயல்களையும் கெடுத்துவிடும் என்பது எங்கள் கணிப்பு. கடல் அடங்கும்வரை பொறுத்தால் மேட்டு வயல்களும் இறாலின் ஒரு பங்கும் தப்பும். பள்ளத்து வயல்கள் அழுகும். தம்பியின் வயல் பள்ளத்தில் இருந்தது.

மண்டபத்தில் ஒலிவாங்கியை வாங்கியவர் பேசத் தொடங்கினார். "முதல்ல ஒண்டு சொல்லணும். என்ட தம்பிர வயலும் அந்தப் பள்ளத்துக்குள்ளதான் கிடக்கு. அதையும் மனசில வச்சித்தான் நான் சொல்றத நீங்க கேக்கணும்." பிறகு, பொறுக்கவேண்டும் என்று சொன்னார்.

விவசாயிகளில் ஒருவர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "சரி மிஸ். உங்கட கணக்குக்கு எங்கள்ள ஆரக் கேட்டீங்க?"

செயலாளர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் சனிக்கிழமைகளில் ஒன்றில்கூட ஒரு விவசாயியோ மீனவரோ அந்த மேசையில் இருந்ததில்லை. "ஒருத்தரயும் கேக்கல்ல" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார்.

அதிகாரிகள் பொறுத்தார்கள். கடல் அடங்கிய பிறகு வெட்டினார்கள். நாங்கள் சொன்னபடியே நடந்தது: மேடு தப்பியது, பள்ளம் அழுகியது. தம்பி வாழைச்சேனைத் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றும் வேலைக்குப் போனார். அடுத்த வருடம் தாயின் திவசத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்; ஒரு சொல் பேசவில்லை.

செயலாளர் பதவியை விட்டார். பொருளியலாளர் அவரைத் தடுக்கப் பார்த்தார். "என்ன மிஸ், கணக்கு எங்கயும் பிழைச்சதா?"

"பிழைக்கல்ல சேர். பிழைச்சிருந்தா எனக்கு நித்திரை வந்திருக்கும்."

இப்போது கழகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஹோட்டலில் மாநாடு வைக்கிறோம், மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை தொங்குகிறது. நாங்கள் மாதக்கணக்காகப் போட்ட கணக்கை இளையவர்கள் கணினியில் தேநீர் ஆறுவதற்குள் போட்டுவிடுகிறார்கள். கைதட்டல் கேட்கும்போதெல்லாம் மண்டபத்தில் யார் இல்லை என்று என் கண் தேடும். இந்த மாரியும் கடுமையாகத் தொடங்கியது. கச்சேரி கூப்பிடும்வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். தம்பி திரும்பி வந்து அதே வயலைச் செய்துகொண்டிருந்தார்.

கழகக் கூட்டத்துக்கு வரச் சொல்லிக் கேட்டேன். அவர் கையிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே நின்றார்.

"அக்கா வாறாவா?"

"இன்னும் கேக்கல்ல."

"கேளுங்க. அதுக்கு மறுகா நான் வாறன்."

இருவரும் வந்தார்கள். விவசாயிகளும் மீனவர்களும் வந்து அறை நிறைந்துவிட்டது. முதல் அரைமணி நேரம் யாருக்கும் யாரும் பேசுவது கேட்கவில்லை. சத்தம் கொஞ்சம் அடங்கியபோது தம்பி, இத்தனை வருடத்துக்குப் பிறகு, அக்காவைப் பார்த்துப் பேசினார்.

"இந்த முறயும் பொறுக்கத்தான் சொல்லுவீங்களா அக்கா?"

"தெரியாது தம்பி. நீ சொல்லு, நான் கேக்கிறன்."

அவர் சொல்லத் தொடங்கினார். பாதியிலேயே ஒரு மீனவர் மறித்தார். தம்பி விடவில்லை. முடிவு எப்படி வருமென்று எனக்குத் தெரியவில்லை, மழையும் விடவில்லை. பழைய செயலாளர் மட்டும் அசையாமல் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.