மெக்கானிக் உட்காரக் கூடாதாம்

போன மாதம் ஒரு புதன்கிழமை, என் காருக்கு அடியில் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டார்.

பதறாதீர்கள். நான் ஏற்றவில்லை. கார் நின்றுகொண்டுதான் இருந்தது. என் டிரைவிங் பற்றி உங்களில் பலருக்கு இருக்கும் அபிப்பிராயம் எனக்குத் தெரியும்... இந்த முறை குற்றம் அதில் இல்லை.

எனக்கு வீடு விழுப்புரம், வேலை திண்டிவனம். நடுவில் பதினான்கு வயதான ஒரு சின்னக் கார். தினமும் இவ்வளவு தூரம் ஓடுகிற கிழட்டுக் காருக்கு டாக்டர் வேண்டாமா? அந்த டாக்டர்தான் அன்வர் பாய். திண்டிவனத்தில், மரக்காணம் ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒர்க் ஷாப். வயது ஐம்பத்தேழு. சொந்த ஊர் கோட்டக்குப்பம். துபாயில் பன்னிரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவர். கார் வாசலுக்கு வரும்போதே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவார். அதற்கு மேல் பேச மாட்டார். பேசாத மெக்கானிக் கிடைப்பதெல்லாம் பூர்வ ஜென்ம புண்ணியம்.

அன்று காருக்கு அடியில் ஆயில் சொட்டியது. பாய் ஜாக்கி போட்டுத் தூக்கி, முட்டுக் கொடுத்தார். பிறகு நம் ஊர் மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் போட்டார். அதில் மல்லாந்து படுத்து, முதுகாலேயே நகர்ந்து நகர்ந்து உள்ளே போனார். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

நான் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் போயிருக்கும். ஸ்பேனர் சத்தம் நின்றது.

"மேடம்... டீக்கடை முருகன் இருந்தா கொஞ்சம் கூப்புடுறீங்களா?"

"டீ வேணுமா பாய்?"

"இல்ல மேடம். எழுந்துக்க முடியல. இடுப்பு புடிச்சிக்கிச்சு."

நாளைக்கு மழை வரும்போல இருக்கிறது என்பார்களே, அந்தத் தொனியில் சொன்னார். முருகனும் நானும் அட்டையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, அவரை அட்டையோடு வெளியே இழுத்தோம். முகம் வெளுத்துப்போயிருந்தது. கண்ணோரம் தண்ணீர். பாயின் மனைவியைக் கூட்டிவர முருகன் பக்கத்துத் தெருவுக்கு ஓடினார்.

தலைக்கு அடியில் வைக்க ஏதாவது அகப்படுமா என்று தேடினேன். பழைய டயர்களுக்குப் பின்னால் எதையோ தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். இழுத்துப் பார்த்தேன்.

உள்ளே இரண்டு சாமான்கள். ஒன்று, ஆள் படுக்கிற மாதிரி ஒரு பலகை. ஸ்பான்ஜ் வைத்து ரெக்சின் தைத்து, தலைக்குத் திண்டும் வைத்து, அடியில் ஆறு சக்கரம். படுத்துக்கொண்டு காலால் ஒரு உந்து உந்தினால் போதும், காருக்கு அடியில் போய் வரலாம். இன்னொன்று, முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்டூல். அதற்கும் சக்கரம். ஸ்பேனர் வைக்க அடியில் தட்டு. டயர் மாற்றும்போது குந்த வேண்டியதில்லை, உட்கார்ந்தபடியே காரைச் சுற்றி வந்துவிடலாம். இரண்டும் புத்தம் புதுசாக இருந்தன.

"யாருது பாய் இது?"

"என்னுதுதான் மேடம். விழுப்புரத்துல வெல்டிங் பட்டறையில சொல்லி செஞ்சேன். ரெண்டு வருஷமாவுது."

"இத வெச்சிக்கினா அட்டையில படுத்துக் கிடக்கறீங்க?"

பாய் தகரக் கூரையைப் பார்த்தபடி இருந்தார். பதில் சொன்னது, தைலத்தோடு அப்போதுதான் வந்து சேர்ந்த அவர் மனைவி ரஷீதா.

"துபாய்ல வண்டிய லிஃப்ட்ல தூக்கிட்டு நின்னுக்கினே வேலை பண்ணாரு மேடம். குந்தற வேலையே கிடையாது. இங்க லிஃப்ட்டுக்கு எடம் ஏது? அதான் இத செஞ்சாரு. பத்து நாள் யூஸ் பண்ணியிருப்பாரு. வர்றவங்கல்லாம் ஒரே கிண்டல். 'என்ன பாய், ஒக்காந்துக்கினு வேலை பாக்கறீங்க, ஒடம்பு உட்டுப்போச்சா'ன்னு. ஒருத்தர் சாவிய வாங்கிக்கினு போயே பூட்டாரு. ஒடம்புல தெம்பு இல்லாதவர்கிட்ட பிரேக் வேலைய உட மாட்டாராம். பெரிய பேஜாரா பூடுச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்ன ஜனங்கள் நாம்? மெக்கானிக் என்றால் தரையில் புரள வேண்டும். சட்டை முழுக்க கிரீஸ் அப்பியிருக்க வேண்டும். எழுந்திருக்கும்போது 'அம்மா' என்று ஒரு முனகல் வர வேண்டும். அப்போதுதான் வேலை நடந்தது என்று நம்புவோம். போல்ட் ஒழுங்காக இறுகியதா என்று எவனாவது பார்க்கிறானா? மனிதன் ஒழுங்காகக் கஷ்டப்பட்டானா என்றுதான் பார்க்கிறோம். அதையும் இடுப்பில் கை வைத்து, பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்க்கிறோம்.

பல் டாக்டர் எதில் உட்கார்ந்து நம் வாய்க்குள் பார்க்கிறார்? சக்கரம் வைத்த ஸ்டூலில்தானே? அவரிடம் போய், 'என்ன டாக்டர், உடம்பு விட்டுப்போச்சா?' என்று கேட்டுப் பாருங்களேன். நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்.

படித்தவன் உட்கார்ந்தால் வசதி. கைவேலைக்காரன் உட்கார்ந்தால் சோம்பேறித்தனம். கடைகளில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுங்கள் என்று இந்த மாநிலத்தில் சட்டமே போட வேண்டியிருந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! நாம் எப்பேர்ப்பட்டவர்கள் என்பதற்கு இதைவிட என்ன சர்டிஃபிகேட் வேண்டும்?

இந்த வீம்பில் மெக்கானிக்குகளுக்கும் பங்கு இல்லாமல் இல்லை. நீளக் கைப்பிடி போட்டால் பாதி பலத்தில் கழலும் போல்ட்டை, குட்டை ஸ்பேனரில் பல்லைக் கடித்துத் திருப்பினால்தான் ஆம்பளை. டயரைக் கடப்பாரையால் நெம்பி ஏற்றினால் கேவலம், நெஞ்சோடு கட்டிப்பிடித்துத் தூக்கினால் வீரம். முட்டிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு சாக்கு... ஊஹூம், கௌரவம் என்னாவது? முட்டி போனால் பரவாயில்லை. கழற்றிய சாமானை மேஜையில் வைத்துத் துடைக்கலாம் அல்லவா? மாட்டார்கள். தரையில் பரப்பி, குனிந்து குனிந்து பொறுக்குவார்கள். இருபத்தைந்து வயதில் இது ஜம்பம். ஐம்பதைத் தாண்டினால் சுத்த மடத்தனம். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். ஐந்திலிருந்து வளைந்துகொண்டே இருந்ததும் ஐம்பதில் வளையாது என்பதை யாராவது சொல்லியிருக்கலாம்.

இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொள்கிற ஆளா நான்? நின்ற இடத்திலேயே பொரிந்து தள்ளினேன்.

"யாரு பாய் அந்த மனுஷங்க? பேரச் சொல்லுங்க. இந்த வாரமே என் பத்தியில எழுதி நாறடிக்கறேன்."

பாய் கண்ணை மூடிக்கொண்டார். ரஷீதா தைலத்தைத் தேய்த்தபடியே, நிமிராமல் சொன்னார்.

"நீங்க ஏற்கெனவே எழுதிட்டீங்க மேடம்."

உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே இடத்தில், ஒர்க் ஷாப்புகளைக் கிண்டல் செய்து ஒரு பத்தி. 'என் மெக்கானிக் இப்போதெல்லாம் மெத்தையில் படுத்துத்தான் வேலை பார்க்கிறார். தலையணை ஒன்றுதான் பாக்கி. அடுத்த முறை நான் தாலாட்டுப் பாட வேண்டியிருக்கும்...' என்று எழுதியிருந்தேன். ஒரே ஒரு தரம் கண்ணில் பட்ட பலகை, எழுதியதோடு மறந்தும் போயிற்று. ரொம்பப் பேர் போன் செய்து சிரித்தீர்கள். எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். பெயர் போடவில்லையே என்று ஒரு சமாதானம் வேறு. பெயர் போடாவிட்டால் திண்டிவனத்துக்குத் தெரியாதா? யாரோ ஒரு கஸ்டமர் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்து, நாலு பேர் முன்னால் பாயிடமே வாசித்துக் காட்டியிருக்கிறார். அன்று சாயந்திரம்தான் தார்ப்பாய் போட்டு மூடினாராம்.

அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் என் காரை அவர்தான் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட்டையை விரித்தார், படுத்தார், பார்த்தார்.

ஊரைத் திட்ட எனக்கு எத்தனை வார்த்தை கிடைத்தது பார்த்தீர்களா? என்னைத் திட்ட ஒன்றும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

எலும்பு டாக்டர் மூன்று வாரம் படுக்கையில் இருக்கச் சொன்னார். இனிமேல் குந்தக் கூடாது, டயர் தூக்கக் கூடாது, தரையில் முதுகால் நகரவே கூடாது என்றாராம். மீறினால் ஆபரேஷன். அதற்குப் பிறகு தொழிலை மறந்துவிட வேண்டியதுதான். தொழிலை மறந்தால் அந்த வீடு எப்படி நடக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. ரஷீதா போனில் அழுதபோது புரிந்துகொண்டேன்.

அந்த நாட்களில் நான் ஆயிலை ஊற்றி ஊற்றி வண்டியை ஓட்டினேன். வேறு மெக்கானிக்கிடம் போக மனசு வரவில்லை. பாய் கடை திறந்துவிட்டார் என்று தெரிந்து, போன சனிக்கிழமை போனேன். இடுப்பில் பெல்ட் போட்டிருந்தார். என் காரை ஜாக்கி போட்டுத் தூக்கி நிறுத்தினார். தார்ப்பாய் மட்டும் மூடியபடியே இருந்தது. கையில்... அதே அட்டை.

"பாய், பலகை எங்க?"

குரலைத் தாழ்த்தினார். "அந்த சார் நிக்கறாரு மேடம். அவர் வண்டிய எடுத்துக்கினு போவட்டும். அப்பறம் எடுக்கறேன்."

அந்த சார், வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ். பிரேக் பார்க்கச் செஞ்சியிலிருந்து வந்திருந்தார். யாரோ ஒருவர் சிரித்துவிடுவாரே என்று, ஆபரேஷனுக்குத் தப்பிய மனிதர் மறுபடி அட்டையை எடுக்கிறார். அந்தப் பயத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

நான் பேசவில்லை. பேசியதெல்லாம் போதாதா? நேராகப் போய்த் தார்ப்பாயை இழுத்தேன். பலகையைப் புடவைத் தலைப்பால் துடைத்து, உருட்டிக்கொண்டு வந்து என் காருக்குப் பக்கத்தில் விட்டேன். சக்கரங்கள் ஊருக்கே கேட்கிற மாதிரி கிரீச்சிட்டன.

வெள்ளைச் சட்டை சிரித்தார். "என்ன பாய், மெத்தையெல்லாம் வருது? வயசாயிடுச்சா?"

பாய் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, காரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, ஒருக்களித்துப் படுத்து, தலையைத் திண்டில் வைத்தார்.

"ஆமா சார், வயசாயிடுச்சு. நீங்க செஞ்சியிலேர்ந்து நின்னுக்கினா வண்டி ஓட்டியாந்தீங்க?"

காலால் ஒரு உந்து. உள்ளே போய்விட்டார்.

வெள்ளைச் சட்டை சாவியைக் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அடியில் ஸ்பேனர் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

இந்தப் பத்தியை நான் உட்கார்ந்துதான் எழுதினேன் — முதுகுக்கு ஒரு தலையணை வைத்து.