கம்பளி போர்த்திய கணினி

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டிச் சொன்னால் செல்வராணி அக்காவுக்கே பிடிக்காது.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன அம்மா, கொழுந்துக்கூடையோடு பாதியில் திரும்பி வந்து, "நம்ம பிள்ளைக்காம்பரா ராணி தவறிட்டாங்களாம்" என்றார். தாய்மார் கொழுந்து பறிக்கும் நேரத்தில் நம் தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொண்டவர் செல்வராணி அக்கா. மாலையில் வாசிகசாலையைத் திறப்பவரும் அவரே.

அங்கிருந்த ஒரே கணினி, லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுவது, ஒரு மழைக்காலத்தில் திடீர் திடீரென்று அணைந்தது. "லினக்ஸ் போட்டதுதான் பிழை. இன்னொரு தடவ நின்னா, அட்டன் பக்கம் யாருக்காவது குடுத்துருவோம்" என்றார் வாசிகசாலைத் தலைவர். சாதாரண தரப் பரீட்சைக்கு நான் அதை நம்பியே படித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா விடவில்லை. "அழுவுற புள்ளைய சும்மா திட்டுனா ஆச்சா? பசியா, ஈரமா, காய்ச்சலான்னு ஒண்ணொண்ணாப் பாப்போம்."

முதலில் மின்வயரை மாற்றினோம். பயனில்லை. மேசைக்குக் கீழிருந்த கணினிப் பெட்டியை மேலே தூக்கி வைத்து, நினைவகச் சோதனையை ஓடவிட்டோம். ஒரு பிழையும் இல்லை. மாலை முழுக்க நிற்கவும் இல்லை. மறுநாள் கீழே வைத்ததும் பழைய கதைதான். அணைவதற்கு முன் லினக்ஸ் எழுதிவைத்திருந்த பதிவைத் தேடி வாசித்தேன். ஒவ்வொரு முறையும் கடைசி வரி, வெப்பம் எல்லை மீறியதென்றே சொன்னது.

"இந்தக் குளிர்லயா காய்ச்சல்?" என்று அக்கா குனிந்து, குழந்தையின் நெற்றியில் வைப்பதுபோலப் பெட்டியில் புறங்கையை வைத்தார். சட்டென்று எடுத்தார். பிறகு அதன் பின்புறத்திலிருந்து ஒரு பழைய கம்பளியை மெதுவாக உருவினார். சன்னல் வழியே மூடுபனி வருகிறதே, ஈரம் ஏறிவிடுமே என்று அவரே போர்த்தியது. காற்று போகும் வழியும் சேர்ந்து அடைபட்டிருந்தது. முதல் நாள் மேலே தூக்கியபோது அது கீழே விழுந்து கிடந்ததை நான் கால் துடைக்கும் துணி என்றே நினைத்திருந்தேன்; மறுநாள் அக்கா அதைத் திரும்பப் போர்த்தியதைக் கவனிக்கவில்லை.

"அடிப்பாவி ராணி, நீதானா?" என்று தன்னையே திட்டி, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"தலைவர்கிட்ட என்னக்கா சொல்றது?"

"உள்ளதத்தான். சிரிச்சா சிரிக்கட்டும். பொட்டி இங்கயே இருக்கும்ல?"

அவரே போய்ச் சொன்னார். கணினி தங்கிவிட்டது. அதன்பிறகு லயத்து வீடுகளில் எல்லோருக்கும் அதுவே கேலி. "ராணி, பொட்டிக்குப் பால் குடுத்தாச்சா?"

"குடிச்சிட்டுத் தூங்குது. சத்தம் போடாதீங்க."

இன்று வாசிகசாலையை நான் திறந்தேன். இதை அந்தக் கணினியில்தான் எழுதினேன். நடுவே இரண்டு முறை என்னை அறியாமல் பெட்டியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கைதான். தன் பிழையைத் தானே போய்ச் சொன்ன அந்தச் சிரிப்பும்.

எழுதி முடித்துக் கணினியை நிறுத்தினேன். "ஆறுனப்புறம் போத்து" என்பார் அக்கா. ஆறும்வரை இருந்து, கம்பளியைப் போர்த்தி, விளக்கை அணைத்தேன்.