மீட்டருக்கு வைத்த பொட்டு

1. ஏணியில் பாபு

பாபு பாதி ஏணிகூட இறங்கவில்லை. கை தளர்ந்து, சத்தமே இல்லாமல் குழிக்குள் விழுந்தான்.

எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். சங்கத்தின் பாதுகாப்புக் கமிட்டியிலும் இருந்தேன். பாபு கான்ட்ராக்ட் தொழிலாளி, வியாசர்பாடிக்காரன். அன்று கழிவுநீர்க் குழியில் பம்ப் அடைத்துக்கொண்டது. அடைப்பெடுக்க இறங்கினான்.

இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு, மேலே ஆளைத் தூக்கும் வின்ச். எல்லாம் நாங்கள் கொடி பிடித்து வாங்கியவை. அவனுடைய தோஸ்து ஸ்டீபன் தலைதெறிக்க ஓடி வந்து ஏணியில் காலை வைத்தான். சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன்.

"வுடு ணா, அவன் செத்துடுவான்!"

"நீயும் செத்துடுவடா, பேமானி! வின்ச்ச சுத்து!"

மேலே வந்தபோது பாபுவின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது, அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் போன பிறகு ஸ்டீபனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"காஸ் மீட்டர் வச்சுப் பாத்தீங்களாடா?" என்று கேட்டேன்.

"பாத்தோம் ணா. கயித்துல கட்டி உள்ள வுட்டுத்தான் பாத்தோம். ஜீரோ. அழுவின முட்டை நாத்தம் கொஞ்சம் வந்துச்சு, அப்பால அதுவும் பூட்ச்சு. சரி, காஸ் இல்லன்னு எறங்கிட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைட் என்ற விஷ காஸ்; அது அதிகமானால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றது என்றால் காஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அது சரி, மூக்குதான் ஏமாற்றியது. மீட்டர் எப்படி ஏமாற்றும்?

2. மீட்டர் வந்த கதை

அந்த மீட்டருக்காக நாங்கள் படாத பாடு இல்லை. பக்கத்துக் கம்பெனிக் குழியில் இரண்டு பேர் செத்த பிறகு தொடங்கினோம். கேட் மீட்டிங், கறுப்பு பேட்ஜ், கேன்டீன் சாப்பாட்டைத் தொடாமல் போராட்டம். மேனேஜர் சிரித்தார். "இத்தனை வருஷமா மீட்டர் வச்சுக்கிட்டா இறங்கினீங்க?" என்றார். செத்தவர்களின் பெண்டாட்டிமார் இருவரைக் கூட்டிக்கொண்டு போய் அவர் எதிரே உட்கார வைத்தோம். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

உள்ளங்கை அகலத்தில் மஞ்சள் மீட்டர் வந்தது. ஸ்விட்ச் போட்டால் 'கீச்' என்று ஒருமுறை சொல்லும். அதுதான் அலாரம் என்று நினைத்துக்கொண்டோம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு லேத், ஸ்பேனர், வெல்டிங் செட் எல்லாவற்றுக்கும் நடுவில் அதை வைத்து மாலை போட்டார்கள். பாபுதான் சந்தனத்தைக் குழைத்தான்.

"நம்ம உசுர காப்பாத்தற சாமி இது. நல்லா வைக்கிறேன் பாரு!"

டிஸ்பிளேவுக்குக் கீழே வட்டமாக ஒரு சின்ன சல்லடை இருக்கும். பொட்டு வைக்க அதைவிடத் தோதான இடம் கிடையாது. கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி அப்பினான், மேலே குங்குமம். எல்லோரும் கைதட்டினோம். மறுநாள் துணியால் துடைத்தார்கள், மீட்டர் பளிச்சென்று இருந்தது. சல்லடைக் கண்ணுக்குள் போய்க் காய்ந்ததை யார் கண்டது? காஸ் உள்ளே போகிற ஒரே வழி அது.

விபத்துக்குப் பிறகு ஊசி முனையால் அந்தச் சல்லடையைச் சுரண்டினேன். மஞ்சள் பொடி உதிர்ந்தது. முகர்ந்தேன்; சந்தனம்.

3. அலமாரி

விசாரணையில் மேனேஜருக்குக் குஷி.

"பூசினது யாரு? உங்க ஆள். விழுந்தது யாரு? அதே ஆள். கம்பெனி சொத்தைக் கெடுத்திருக்கான். கான்ட்ராக்டர்கிட்டச் சொல்லி நிறுத்திடலாம்."

ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனை வேலையை விட்டுத் தூக்கப் பார்க்கிறார்கள். வெளியே கம்பெனி கேட் பக்கம் பாபுவின் மனைவி ரேவதி நின்றுகொண்டிருந்தாள். "அவுரு பக்தியிலதான ணா வச்சாரு? வேல பூட்டா ஆஸ்பத்திரிய வுட்டு வந்து அவுரு எங்க போவாரு?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கத்தவில்லை. விசாரணை அறைக்குத் திரும்பி, மீட்டருக்குப் பொறுப்பான பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டேன்.

"சார், இது வேலை செய்யுதான்னு எதை வச்சு டெஸ்ட் பண்ணீங்க?"

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

"மீட்டர் வைக்கிற அலமாரியத் திறங்க சார்."

மீட்டரோடு வந்த டெஸ்ட் காஸ் சிலிண்டர் உள்ளே இருந்தது. அதிலிருந்து கொஞ்சம் காஸைக் காட்டினால் நல்ல மீட்டர் அலற வேண்டும். ஒவ்வொரு முறை ஆள் இறங்கும் முன்பும் செய்ய வேண்டிய வேலை. சிலிண்டர் வாயில் பிளாஸ்டிக் சீல் அப்படியே இருந்தது. அடப்பாவிகளா! வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அதைத் திறக்கவில்லை. சந்தனம் வைக்காமல் மீட்டர் தானாகவே செத்திருந்தாலும் இவர்களுக்குத் தெரிந்திருக்காது.

பாபுவின் வேலை தப்பியது. கூடவே ஒன்றை எழுதி வாங்கினோம்: இறங்கப்போகிறவன் கண் முன்னால் டெஸ்ட் நடக்க வேண்டும், மீட்டர் அலறுவதை அவன் காதால் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இறங்க மாட்டான்.

புது மீட்டர் வந்தது. பாபுவும் இளைத்துப்போய்த் திரும்பி வந்தான். குழிக்கரையில் எல்லோரையும் நிற்கவைத்து அதிகாரி சிலிண்டரைத் திருகினார். மீட்டர் வீறிட்டது. சிவப்பு விளக்கு மின்ன, கை அதிர, காது கிழிய ஓயாமல் கத்தியது. நாங்கள் அத்தனை பேரும் பதறிப் பின்னால் நகர்ந்தோம்.

பாபு மட்டும் நகரவில்லை. இதுவரை அவன் கேட்டது அந்த ஒற்றைக் 'கீச்' மட்டும்தான்.

"இதான் அதோட சத்தமா ணா?" என்றான்.