துடைத்த கண்ணாடி

தூத்துக்குடியில் காலையில் எழுந்ததும் எதையாவது துடைக்காதவர் கிடையாது. வண்டி, கிரில் கதவு, டிவி, மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றிலும் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பிசுபிசுப்பு ஏறியிருக்கும். உப்புக் காற்று. துடைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் துடைப்போம். இந்தப் பழக்கம்தான் என் மாணவியின் மூன்று வருட உழைப்பைத் தின்றது. தின்னக் கொடுத்தவள் நான்.

நான் இங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. என்னிடம் பிஎச்.டி. செய்தவள் முத்தையாபுரத்துப் பெண்; அப்பா துறைமுகத்தில் நிலக்கரி லாரி ஓட்டுகிறார். கண்ணுக்கே தெரியாத சிலிக்கா உருண்டைகளைக் கண்ணாடித் துண்டின்மேல் வரிசை வரிசையாகப் படியவைப்பாள். சாயம் எதுவும் கிடையாது. உருண்டைகள் அடுக்கியிருக்கும் விதமே பச்சை நிறம் கொடுக்கும், சிப்பியின் உட்புறம் மினுங்குகிற மாதிரி. காற்றில் ஈரம் ஏறினால் அந்தப் பச்சை சிவப்பாக மாறியது. கன்டெய்னருக்குள் ஒட்டிவைத்தால் சரக்கில் ஈரம் இறங்கியதா என்று நிறமே காட்டிக்கொடுத்துவிடும். கட்டுரை வெளியானது. அதை வைத்து அவளுக்கு ஜெர்மனியில் ஆராய்ச்சி வேலையும் உறுதியானது. பட்டம் கைக்கு வர வேண்டியதுதான் பாக்கி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கோயம்புத்தூரில் ஓர் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது: உங்கள் முறைப்படியே செய்தோம், நிறம் மாறவில்லை. செய்யத் தெரியாதவர்கள் என்று திட்டிவிட்டு, செய்துகாட்ட அவளையே அனுப்பிவைத்தேன். மூன்றாம் நாள் போன் செய்தாள்.

"மேடம், இங்கன மாற மாட்டேங்கு. பச்சையாவே கெடக்கு."

"ஒழுங்காச் செஞ்சியா ஏளா? திரும்பச் செய்."

"நாலு தடவ செஞ்சிட்டேன் மேடம்."

எரிச்சலோடு போனை வைத்துவிட்டு, அவள் இங்கே விட்டுப்போயிருந்த, உருண்டை படிந்த மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். உருண்டைப் படலத்தின்மேல் பொடிப்பொடியாகச் சதுரக் கட்டிகள். உப்பு. இத்தனை நாளும் ஈரத்தை உறிஞ்சி நிறத்தை மாற்றியது அந்த உப்புதான்.

இது முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் பக்கத்தில் உருண்டை படியாத வெறும் கண்ணாடி ஒன்றையும் வைத்துத்தான் அளப்போம். காற்றும் தூசியும் உப்பும் செய்கிற வேலை அதிலும் தெரியும். அதைக் கழித்தால் மிச்சம் உருண்டைகளின் வேலை. அதற்காக அந்தக் கண்ணாடியும் மாதிரியைப் போலவே தொடாமல் கிடக்க வேண்டும். நானோ தினமும் காலையில் ஆய்வகத்தைத் திறந்ததும் மேஜையோடு சேர்த்து அதையும் ஒரு துடை துடைத்தேன். மாதிரியைத் தொட்டால் உதிர்ந்துவிடும் என்று அதை மட்டும் விட்டேன். முப்பது வருடம் பாடம் நடத்தியவள் செய்த காரியம் இது.

அவள் ஊர் திரும்பியதும் சொன்னேன். "வெறும் கண்ணாடியத் தொடச்சது நான்தான் ஏளா."

"தெரியும் மேடம். காலைல வரும்போதே பளிச்சுன்னு இருக்கும். எனக்கும் ஒண்ணும் தோணல."

கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினேன். கண்ணாடியைத் துடைத்த விஷயத்தை மறைக்கவில்லை. யார் துடைத்தது என்று மட்டும் எழுதவில்லை. துறைத் தலைவர் பதவிக்கு அப்போது என் பெயர் போயிருந்தது. அதுதான் காரணம், வேறு சாக்குச் சொல்ல மாட்டேன்.

ஜெர்மனி வேலை போய்விட்டது. ஆய்வேட்டையாவது காப்பாற்றலாம் என்று பல்கலைக்கழக விசாரணைக் குழுவின் முன் போய் உட்கார்ந்தோம். குழுத் தலைவர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஒப்பிட வச்ச கண்ணாடியத் தொடக் கூடாதுன்னு தெரியாதாம்மா? யாரு தொடச்சது?"

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் கோப்பைப் புரட்டினேன். எந்தப் பக்கத்தையும் தேடவில்லை, சும்மா புரட்டினேன்.

"நான்தான் சார்," என்றாள். "பழக்கத்துல தொடச்சிட்டேன்."

அவர் அதை எழுதிக்கொண்டார். மாணவியின் கவனக்குறைவு என்று சொல்லி, ஆய்வை முதலிலிருந்து செய்யச் சொன்னார்கள். இன்னும் மூன்று வருடம் உட்கார்ந்து படிக்க அவள் வீட்டில் வழியில்லை. இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பில் அடிக்கிறாள். நான் துறைத் தலைவர்.

முத்தையாபுரம் பஸ்ஸில் சில நாள் பார்ப்பேன். கூட்டமாக இருந்தால் எழுந்து எனக்கு இடம் தருகிறாள். நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.