சுவருக்கு அந்தப் பக்கம்

சுண்ணாம்புச் சுவரில் காதை ஒட்டி வைத்தால் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு காதுக்குள் நம் நாடியே துடிக்கும், அதற்கும் பிறகுதான் அந்தப் பக்கத்துச் சத்தம் வந்து சேரும். ஆரணியில் நான் ஏழாவது படித்த பள்ளியின் பின்சுவர்தான் எங்கள் வீட்டுக்கும் சுவர். அந்தப் பக்கம் அப்பாவின் பட்டுத்தறி, இந்தப் பக்கம் நாற்பது வானரங்கள், அதில் ஒன்று நான்.

அந்த வருஷம் செய்யாற்றிலிருந்து பஸ்ஸில் வந்துபோன அறிவியல் டீச்சர், பாடத்தைச் சொல்லித் தரவே மாட்டார். கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா நிற்பார். எங்களுக்கோ அந்தச் சும்மாதான் கிலி. எங்கள் தெருவில் சாவு விழுந்தால் எல்லாத் தறியும் நின்றுவிடும், பிணம் எடுக்கும்வரை ஒரு சத்தம் இருக்காது. அதனால் டீச்சர் வாயை மூடியதுமே வாய்க்கு வந்ததை உளறிக் கொட்டுவோம். செடி எதால் மூச்சு விடும் என்றதற்கு "மூக்கால!" என்று கத்திய புண்ணியவதி நான்தான்.

"இன்னாத்துக்குடி இவ்ளோ ஜல்தி? நீ யோசிக்கத்தானே நான் நிக்கிறேன்" என்று சிரிப்பார்.

பொங்கலிலிருந்து என் அம்மா படுத்த படுக்கை. அடுத்து தறிகள் நிற்பது எங்கள் வீட்டுக்காகத்தான் என்று தினமும் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். இதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது?

ஒலி பாடத்தன்று புத்தகத்தை மூடச் சொல்லி, எல்லோரையும் பின்சுவரில் காதை வைக்கச் சொன்னார்.

"யாரு நெய்யிறாங்க?"

"எங்கப்பா டீச்சர்."

"பாக்காமயே எப்படிச் சொல்ற?"

குறுக்கு நூலை இழுத்துப் போகும் நாடாவை ஒருமுறை வீசினால், நூலை நெருக்க அப்பா பலகையை ஒரு தட்டுத்தான் தட்டுவார், அம்மா இரண்டு தட்டுவாள் என்றேன். நான் யோசித்துச் சொன்ன முதல் பதில் அதுதான். டீச்சர் முகம் மலர்ந்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது தறி நின்றது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தறி எதுக்கெல்லாம் நிக்கும்? சொல்லுங்க" என்றார் டீச்சர் மெதுவாக. இழை அறுந்தா நிக்கும் என்றான் ஒருவன். டீ குடிக்கப் போயிருப்பாரு என்றாள் ஒருத்தி. எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை. "அறுந்த இழைய முடிச்சுப் போட எவ்ளோ நேரம் ஆவும்? எண்ணுவமா?" காதை எடுக்காமல் எண்ணினோம். நூறு தாண்டி, இருநூறும் தாண்டியது.

"தட் தட்." கொஞ்சம் விட்டு மறுபடியும், "தட் தட்."

"எங்கம்மா எழுந்துகிச்சு டீச்சர்! நெய்துகினு கீது!"

நாற்பது பேருக்கும் அது கேட்டது. பையைக்கூட எடுக்காமல் சிரித்துக்கொண்டே ஓடினேன். தெருமுனையில் திரும்பும்போது தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தது. வீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்தபடி அப்பா உட்கார்ந்திருந்தார். நெய்பவர் கால் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழி காலியாக இருந்தது.

"தறிய உட்டுட்டு ஓடியாந்தேன், உங்கம்மா அப்பவே பூட்டா கண்ணு."

"அப்புறம் தறில யாருப்பா ஒக்காந்தது?"

"யாரும் ஒக்காரலியே."

இப்போது நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். நாற்பது பிள்ளைகள் ஒன்றாக ஏங்கினால் இல்லாத சத்தமும் கேட்கும் என்று எனக்கே பாடம் நடத்திப் பார்த்தாயிற்று, நம்பத்தான் முடியவில்லை. அந்தச் சுவரை இடித்து மாடிக்கட்டடம் கட்டிவிட்டார்கள், அப்பாவும் இல்லை. போன மாதம் டீச்சரைத் தேடிப் போய், அன்று உங்களுக்கும் கேட்டதா என்று கேட்டேன்.

"நான் காதே வைக்கலம்மா. உங்க மொகத்தத்தான் பாத்துகினு இருந்தேன். நீ சிரிச்ச சிரிப்பப் பாத்து, உங்கம்மா எழுந்துட்டாங்கன்னுதான் நானும் நெனச்சேன்."

திரும்பும்போது பஸ்ஸில் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா செத்துக் கிடந்த அந்த ஒரு நிமிஷம், ஆரணியிலேயே என்னைவிடச் சந்தோஷமான பிள்ளை இருந்திருக்காது.