கவுன்சிலர் அம்மாவும் லத்தா சாக்கடையும்

போன வருஷம் ஆடி மாத மழையில், யாங்கோனில் நான் வேலை பார்க்கும் தனியார் பள்ளியில் நடந்தது இது. அங்கே நான் மாணவர்களுக்கு ஆலோசகர். ஆங்கிலத்தில் கவுன்சிலர் என்பார்கள். என் வேலை என்னவென்று என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர்களுக்கு நான் பிள்ளைகளை மிரட்டி அனுப்புகிற ஆள். பெற்றோருக்கு, மூளை கலங்கிய பிள்ளைகளைப் பார்க்கிற ஆள். தலைமையாசிரியைக்கோ, யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பில் போய் உட்காருகிற ஆள். பிள்ளைகள் மட்டும் என் மேஜையில் இருக்கும் புளி மிட்டாய்க்காக மனசார வருவார்கள்.

அந்தச் சமயத்தில் பத்தாம் வகுப்பில் ஒரு தமிழ்ப் பெண் வாரத்தில் பாதி நாள் பள்ளிக்கு வரவில்லை. நன்றாகப் படிக்கிறவள். இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அவள் வந்த ஒரு நாளில் கூப்பிட்டு உட்காரவைத்துத் தமிழில் கேட்டேன், பர்மியத்தில் கேட்டேன். எதைக் கேட்டாலும் ‘யாபாடே’ என்ற ஒரே பதில். பரவாயில்லை என்று அர்த்தம். பரீட்சை பயமா, மனச்சோர்வா, காதலா என்று படித்த படிப்பையெல்லாம் திரட்டி மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அவள் அப்பாவுக்கு லத்தா என்ற பேட்டையில் வெங்காய மொத்த வியாபாரம். வகுப்பாசிரியை எத்தனையோ முறை கூப்பிட்டும் கடையை விட்டு அசைய முடியாது என்று சொல்லிவிட்டார். கடைசியில் எங்கள் ஆபீஸ் அம்மாள் போன் போட்டு, கவுன்சிலர் உங்களைப் பார்க்க வேண்டுமாம் என்று தமிழில் சொன்னார். மறுநாள் காலையிலேயே மனிதர் வந்து நிற்கிறார். வெள்ளைச் சட்டை, புதுக் கைலி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். துணைக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் வேறு.

கவுன்சிலர் அம்மாவுக்கு வணக்கம் என்று பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு, தன் தெருச் சாக்கடையைப் பற்றி ஆரம்பித்தார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அவர் தினமும் போனில் சென்னைச் செய்தி பார்க்கிறவர். தமிழில் கவுன்சிலர் என்றால் தெருவிளக்கும் குப்பையும் சாக்கடையும் பார்க்கிற வார்டு கவுன்சிலர்தானே? ஆங்கிலத்தில் எழுத்து வேறு வேறாக இருக்கலாம். நம் வாயில் இரண்டும் ஒன்றுதான்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் மூன்று பேரும் வாழைப்பழத்தோடு எழுந்து போய்விடுவார்களே என்று மூடிக்கொண்டேன். பழத்துக்காக இல்லை, தவமாய்த் தவமிருந்து வரவழைத்த அப்பாவுக்காக. சாக்கடையோ சந்தனமோ, காது கொடுத்துக் கேட்பதுதானே என் வேலை என்று கேட்கத் தொடங்கினேன்.

“மழை பேஞ்சா தெருவுல முழங்கால் தண்ணிங்க. எம் பொண்ணு அதுல எறங்கித்தான் பஸ்ஸுக்குப் போவணும். பச்சை லோன்ஜி ஊறி நாறுதுன்னு பஸ்ல ஒருத்தரும் பக்கத்துல உக்கார்றதில்லையாம். மழைன்னா வீட்டுலயே இருந்துக்கிறேங்குது. நானும் சரின்னு விட்டுட்டேன்.”

 இடுப்பில் சுற்றிக் கட்டும் அந்தப் பச்சை லோன்ஜி எங்கள் பள்ளிச் சீருடை. அவள் போகும்போதெல்லாம் வராந்தாவில் பிள்ளைகள் பர்மியத்தில் ‘வெங்காயம்’ என்று சொல்லிச் சிரிப்பதை நானும் கேட்டிருக்கிறேன். மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மழை நாளில்தான் வருவதில்லை என்று கண்டுபிடித்திருக்கக்கூடாதா என்றால், யாங்கோனில் ஆடியில் தினமும் மழைதான், அதில் அவள் தெருவை மூழ்கடித்த மழை எது என்று நான் எங்கே கண்டேன்?

சனிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும் என் பொறுப்புதான், அதில் பொய்யில்லை. மறுபடி அவள் வந்தபோது, ஒரு ஜோடி உடை என் அலமாரியிலேயே இருக்கட்டும், நனைந்து வந்தால் மாற்றிக்கொள் என்றேன். யாபாடே என்றாள். வெங்காயம் என்றவர்களையும் அழைத்துப் பேசினேன். மிட்டாய் கொடுக்கவில்லை.

சனிக்கிழமை போனால், சந்து முனையிலேயே திகைத்து நின்றுவிட்டேன். தெரு பெருக்கப்பட்டு, இரு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு இழுத்திருக்கிறது. சாக்கடையிலிருந்து தோண்டியெடுத்த வெங்காயத் தோல் மூட்டை மூட்டையாக ஓரத்தில் கிடக்கிறது. தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. கவுன்சிலர் பார்வையிட வருகிறார் என்று தெருவே இறங்கி வேலை செய்திருக்கிறது! டீயைக் கையில் கொடுத்துவிட்டு ஆளாளுக்குக் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். கரண்டு அடிக்கடி போய்விடுகிறது என்றார் ஒருவர். நாய்த் தொல்லை என்றார் இன்னொருவர். ஓர் அம்மாள் தன் மருமகளைக் கண்டித்துவைக்கச் சொன்னார். அது ஒன்றுதான் என் துறைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

 அதிகாரி வேஷம் போட்டாள் என்று யாராவது சொல்லிவிட்டால் வேலையோடு போகாது. அப்பாவைக் கடைக்குள் தள்ளிக்கொண்டுபோய், நான் அந்தக் கவுன்சிலர் இல்லை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறை கேட்கிறவள் என்று சொல்லிவிட்டேன். அவர் வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தெரியுமே சயாமா. அன்னைக்குச் சாயங்காலமே பொண்ணு சொல்லிருச்சு. நீங்க பாட்டுக்குத் தெருவுல சொல்லிப்புடாதீங்க. நாளைக்கே திரும்ப அடைச்சுப்புடுவாங்க.”

சயாமா என்றால் இங்கே டீச்சர். கவுன்சிலர் பதவி எனக்கு எப்போதோ போய்விட்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.  அப்போது கடையின் வெங்காய மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அவர் மகளின் குரல், நல்ல தமிழில்.

“மொதல்ல நீங்க தோலைக் கொட்டாம இருங்கப்பா.”

மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கவுன்சிலர் என்ற முறையில் பொண்ணு சொல்வதுதான் சரி என்று தீர்ப்புச் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயக் கடையில் நின்றதால் யாரும் காரணம் கேட்கவில்லை.

அதன் பிறகு மழையிலும் வந்தாள், பரீட்சையும் எழுதினாள். இப்போதெல்லாம் ஒரு பிள்ளை முகம் வாடி வந்து உட்கார்ந்தால், எடுத்த எடுப்பில் மனசில் என்ன என்று கேட்பதில்லை. எந்த வழியாக நடந்து வந்தாய் என்றுதான் கேட்கிறேன், பாதி பாரம் அந்த வழியிலேயே கிடக்கிறது.