ஆர்மரர் அந்தோணிமுத்துவும் என் ரிவால்வரும்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, செம்பட்டி சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் பூட்ஸ் இல்லாத காலிலும் ஒருவர் விறைத்து நிற்பது தெரிந்தது. திரும்பினால் நம் பழைய கான்ஸ்டபிள் ராமையா.

"ஐயா, சேதி தெரியாதா? நம்ம ஆர்மரர் அந்தோணிமுத்து ஏட்டையா போயிட்டாருய்யா. நேத்து சாயங்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தவரு எந்திரிக்கல. இன்னைக்கு மூணு மணிக்கு அடக்கம்."

பொறுக்கிய காயைத் தட்டிலேயே போட்டுவிட்டுத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் ராமையா பேசிக்கொண்டே வந்தார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அந்தோணிமுத்து உயிரோடு இருந்தபோது நான் ஊரறியச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று இருந்தது. பத்து வருடத்துக்கு மேலாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

போலீஸ் லைனில் குடியிருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம் லைனுக்காக வரும் இந்த மலரைப் புரட்டும் உங்கள் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஐம்பதுகளில் திண்டுக்கல் போலீஸ் லைனில் அவர்தான் ஆர்மரர். துப்பாக்கிகளைத் துடைத்து, பழுது பார்த்து, எண்ணி வைத்து, உரியவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் ஹெட்கான்ஸ்டபிள். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் ஜெபமாலையும் விரல் நீளத்தில் ஓர் அரமும் எப்போதும் கிடக்கும். இரண்டையும் ஏன் ஒரே பையில் போடுகிறீர் என்று கேட்டால், "எது எப்ப வேணும்னு நமக்கு முன்கூட்டியே தெரியுமாய்யா?" என்பார்.

சிறுமலை அடிவாரத்தில் நாம் சுடப் போகும் மைதானம் நினைவிருக்கும். காலை வெயில் ஒரு பக்கமாகவே அடிக்கும். ரிவால்வர் குழாயின் நுனியில் குறி பார்ப்பதற்கென்று ஒரு சிறு தகடு நிற்குமே, நாம் முள் என்போமே, அது பழசாகித் தேய்ந்தால் வெயிலில் பளபளக்கும். பளபளக்கும் விளிம்பையே கண் முழு முள்ளென்று நம்பிவிடும். குண்டு மறுபக்கம் போய்விடும். அதற்காக அந்தோணிமுத்து ஒரு தகர மூடியில் சூடத்தை ஏற்றி, அந்தப் புகையில் ஒவ்வொரு முள்ளையும் காட்டிக் கரி படிய வைப்பார்.

"ஏப்பா, வேதக்காரரு துப்பாக்கிக்குச் சூடம் காட்டுறாரு, வந்து கும்பிட்டுக்கங்கப்பா!" என்று பின்வரிசையில் சிரிப்பார்கள்.

"துப்பாக்கிக்கு இல்லடா, உங்க கண்ணுக்குத்தான் காட்டுறேன். கண்ணுக்கு முன்னாடி பேய் ஆடுதுல்ல, அது போகட்டும்" என்பார் அவர், நிமிர்ந்தும் பார்க்காமல்.

லைனிலேயே மோசமாகச் சுடுகிறவர் என்று ராமையா அப்போது பெயர் எடுத்திருந்தார். ஐந்தில் ஒன்று அட்டையில் பட்டால் அதிசயம். அந்தோணிமுத்து ஒருநாள் அவரைப் புளியமரத்துக்கு எதிரே நிறுத்தி, இரண்டு கண்ணும் திறந்தபடி கட்டைவிரலால் மரத்தைக் காட்டச் சொன்னார். பிறகு இடது கண்ணை மூடச் சொன்னார். "மரம் தாவுதுங்க!" என்று அலறினார் ராமையா. "மரம் நிக்குதுடா. உனக்கு இடது கண்ணுதான் எசமான். நீ இம்புட்டு நாளா வலது கண்ணுல பார்த்துக்கிட்டு இருந்திருக்க" என்று சொல்லி, தலையைச் சற்றே திருப்பி இடது கண்ணால் குறி பார்க்கப் பழக்கினார். அந்த வருடம் ராமையா தேறிவிட்டார். செருப்பைக் காலுக்கு ஏற்றாற்போல் எடுக்கிற நாம், குறியைக் கண்ணுக்கு ஏற்றாற்போல்தானே எடுக்க வேண்டும் என்று அந்தோணிமுத்து அடிக்கடி சொல்லிவந்தது அப்படித்தான் லைன் முழுக்கப் பரவியது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் அப்போது சப்-இன்ஸ்பெக்டர். வயது நாற்பத்து நாலு. இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் ஏறியிருந்தது. அந்த நேரம் பார்த்து, வருடாந்திரச் சுடும் தேர்வில் தோற்றேன். மறுதேர்வுக்கு ஆறு வாரம் கொடுத்தார்கள். அதிலும் தோற்றால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். நேரே ஆர்மரிக்குப் போய் ரிவால்வரை மேசையில் வைத்தேன்.

"ஏட்டு, இது கீழே கீழே அடிக்கிறது. முள்ளைக் கொஞ்சம் தேய்த்துக் கொடும்."

முள்ளைத் தேய்த்துக் குட்டையாக்கினால் குண்டு மேலே ஏறும் என்கிற அளவுக்கு எனக்கும் விஷயம் தெரியும். அவர் ரிவால்வரைத் தொடவே இல்லை. ஒரு காகிதத்தை நீட்டி, "முதல்ல இதுல கையெழுத்துப் போடுங்கய்யா" என்றார். வாங்கி, கையை முழுக்க நீட்டி, தலையையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு படித்தேன்.

"ஐயாவுக்கு இன்னும் ஒரு முழம் கை வேணும்போல இருக்கே" என்றார்.

கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டேன். முள் எனக்கு ஒரு வருடமாகவே பஞ்சுபோல் கலங்கித் தெரிந்தது. தூரத்து அட்டை தெளிவாகத் தெரிந்ததால் அட்டையையே பார்த்துச் சுட்டுக்கொண்டிருந்தேன். "கண்ணு ஒரு நேரத்துல ஒண்ணத்தான்யா தெளிவாப் பார்க்கும். முள்ளப் பாருங்க. அட்டை கலங்குனாக் கலங்கட்டும். முள்ளு எந்தத் தூரத்துல இருக்கோ அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி போடுங்க" என்றார். ஒரு சணல் கயிற்றை என் கண்ணோரத்தில் வைத்து, நீட்டிய ரிவால்வரின் முள் வரை அளந்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். கண்ணாடிக்கடையில் போய், படிப்பதற்கு வேண்டாம், இந்த முடிச்சில் இருக்கும் பொருள் தெரிகிறாற்போல் வேண்டும் என்று கேட்கச் சொன்னார்.

நான் போகவில்லை. வீறாப்புதான், வேறென்ன. மூக்குக்கண்ணாடி போட்ட சப்-இன்ஸ்பெக்டரை ஆபீஸ் குமாஸ்தா என்று கேலி பேசிய கூட்டத்தில் நானும் ஒருவன்.

கண்ணாடி போட மாட்டேன் என்றதும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பூட்டுப் பட்டறையிலிருந்து இரும்புத் தகடு வாங்கி வந்து, மூன்று கனத்தில் மூன்று முட்கள் செய்தார். பழைய முள் ஒரு சின்னத் திருகில் நிற்பதுதான். கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிச் சுடச் சொன்னார். மெல்லிய முள் எனக்குக் காணாமலே போனது. ஆகக் கனமானது பதினைந்து கஜத்தில் அட்டையின் நடுவையே மறைத்தது. நடுத்தரமானது கலங்கினாலும் கறுப்பாக நின்றது. ஆனால் ரிவால்வரின் பின்பக்கம் ஒரு சிறு வெட்டு இருக்கிறதே, அதன் நடுவில்தான் முள்ளை நிறுத்திப் பார்க்க வேண்டும். புது முள் அந்த வெட்டை அடைத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வெளிச்சமே இல்லை.

"வெட்ட அகலப்படுத்தணும்யா. ஆனா முள்ளு மாதிரி இத மாத்திக்க முடியாது, தேய்ச்சது தேய்ச்சதுதான். சர்க்கார் சாமான். மதுரைக்கு எழுதி உத்தரவு கேட்டிருக்கேன். வரட்டும்."

உத்தரவு வரவில்லை. மறுதேர்வுக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் நான் ஆர்மரிக்குப் போனேன். என் பெயரில் உள்ள ரிவால்வரைக் காவலுக்கு இருந்தவரிடம் எழுதி வாங்கினேன். அவர் வெளியே போனதும் மேசையில் கிடந்த அரத்தை எடுத்தேன். வெட்டின் இடப்பக்கத்தில் நாலு இழுப்பு. ஐந்தாவது இழுப்பில் கை வழுக்கி, வெட்டு கோணலாக இடப்பக்கம் விரிந்துவிட்டது. கலங்கிய கண்ணோடு அரம் பிடித்தவனுக்கு வேறென்ன கிடைக்கும்? ரிவால்வரை மேசையில் வைத்துவிட்டு அவர் வரும்வரை அங்கேயே நின்றேன்.

பூசை முடிந்து வந்தவர் ரிவால்வரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்கவில்லை. என் சட்டையில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தது.

"உத்தரவு வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம்லய்யா" என்றார். பிறகு ஒரு பெருமூச்சு. "இத இப்படியே விட்டா குண்டெல்லாம் இடது பக்கமாத்தான் போகும். வலப்பக்கமும் கொஞ்சம் எடுத்தாத்தான் சரிவரும். உக்காருங்க."

ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பையிலிருந்த சின்ன அரத்தால் மறுபக்கத்தையும் சமப்படுத்தினார். முள்ளின் இரண்டு பக்கமும் மெல்லிய கோடுபோல் வெளிச்சம் தெரிந்தது. புதன்கிழமை நான் தேறினேன். என் சர்வீஸிலேயே அதுதான் நான் எடுத்த அதிக மதிப்பெண்.

இரண்டு வாரம் கழித்து ஆயுதங்களைச் சோதிக்க ஓர் அதிகாரி மதுரையிலிருந்து வந்தார். வரிசையாக நின்றோம். என் ரிவால்வரைக் கையில் எடுத்தவர், வெட்டைப் பார்த்ததும் நிமிர்ந்தார். உத்தரவு இல்லாமல் இதில் அரம் வைத்தது யார் என்று கேட்டார். அந்தோணிமுத்து எனக்கு இடப்பக்கம் இரண்டு அடியில் நின்றார். என் வாய் திறந்தது. பட்டியலில் இருந்த பெயர் ஞாபகம் வந்தது. வாய் மூடிக்கொண்டது.

"நான்தான்யா" என்றார் அந்தோணிமுத்து.

அவர் சட்டைக்கையில் இருந்த மூன்று பட்டையையும் கழற்றினார்கள். ஒரு வருடத்துக்குக் கான்ஸ்டபிள். ஆர்மரியிலிருந்து எடுத்து வாசல் சென்ட்ரியாகப் போட்டார்கள்.

மறுநாள் காலை வாசலில் எனக்கு விறைத்து சல்யூட் அடித்தார். எனக்குக் கூசிப்போய்விட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏன் அப்படிச் சொன்னீர்? நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்றேன். சொல்லப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"பாதி நான் தேய்ச்சதுதானேய்யா. பொய் ஒண்ணும் சொல்லல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கண்ணாடி வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே போய் வாங்கினேன். அதற்கு அடுத்த வருடம் நான் இன்ஸ்பெக்டர். அவருக்கும் பட்டை திரும்பி வந்தது. ஆர்மரி மட்டும் திரும்பி வரவில்லை. அங்கே வேறொருவர் வந்துவிட்டார். கடைசி வரை கோர்ட் டியூட்டியும் திருவிழாப் பந்தோபஸ்துமாகவே இருந்து ஓய்வு பெற்றார். ஆர்மரி வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று, உள்ளே அரம் தேய்க்கும் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போவாராம். இதை என்னிடம் சொன்னவர்கள் யாருக்கும் காரணம் தெரியாது. நான் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். முதலில் வேலைக்குப் பயந்தேன், பிறகு பென்ஷனுக்குப் பயந்தேன். போன வருடம் ஓய்வும் பெற்றாயிற்று. அப்புறமும் சொல்லவில்லை. அதற்குப் பெயர் பயம் இல்லை, வெட்கம்.

கல்லறைத் தோட்டத்தில் பழைய ஆட்கள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மண் போட்டு முடிந்ததும் ராமையா கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "தங்கமான மனுசன்யா. வாழ்க்கையில ஒரே ஒரு தடவ கை தவறிட்டாரு. அதுக்கு அம்புட்டுப் பெரிய தண்டனை."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். அவருடைய மனைவி சவேரியம்மாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கூட்டம் கலையத் தொடங்கியதும் நேரே என்னிடம் வந்தார்.

"ஐயா, அப்ப நீங்க அங்கதான இருந்தீங்க. உத்தரவு இல்லாம இவரு அரத்த வச்சாருன்னு என்னால நம்ப முடியல. கேட்டா சிரிப்பாரே ஒழிய பதிலு சொல்ல மாட்டாரு. நெசமா இவருதான் செஞ்சாரா?"

சொல்லிவிட்டேன். அரம் எடுத்தது, கை வழுக்கியது, வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றது, ஒன்றையும் பூசி மெழுகவில்லை. அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. முந்தானையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே நின்றார்.

"அவரு இருக்கையிலயே வந்து சொல்லியிருக்கலாம்லய்யா" என்றார் கடைசியில். "இப்ப என்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? எல்லாரும் தப்பாத்தான நெனச்சுக்கிட்டுப் போறாக. போய் லைன்ல சொல்லுங்க."

அதனால்தான் இதை எழுதுகிறேன். இரங்கல் கட்டுரையில் போனவருடைய பெருமைகளைச் சொல்வார்கள். நான் என் குற்றத்தைச் சொல்லியிருக்கிறேன். அவர் பெருமை அதற்குள்தான் இருக்கிறது.

அந்தோணிமுத்துவிடமிருந்து நான் வைத்திருப்பது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். என் வீட்டு வாசல் பலகையில், பெயருக்குக் கீழே ‘ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர்’ என்று எழுதியிருக்கிறது. அந்த வார்த்தை அவர் கொடுத்தது. தன் மூன்று பட்டையையும் ஆர்மரியையும் கொடுத்து அதை எனக்கு வாங்கித் தந்தார். நான் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

அன்று கல்லறைத் தோட்டத்தில் ஆமாம் என்று தலையாட்டிய நண்பர்களே, தவறியது அவர் கை அல்ல, என் கை. இந்த மலர் கிடைக்காதவர்களுக்கும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். ராமையாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவருக்கு யாராவது வாசித்துக் காட்டுங்கள்.